இரவல் சீட்டு

சென்னையில் நான் நூலகப் பயிற்சி பெற்ற நாட்களில் புத்தகம் இரவல் கொடுக்கும் முறை மிகவும் எளிமையானது. வாசகர் ஒவ்வொருவரிடமும், பை போல் மடித்து ஒட்டிய சிறு டிக்கெட்டுகள் இரண்டு மூன்று இருக்கும்; புத்தகத்தின் உள்ளட்டையில், அதன் பெயரும் எண்ணும் எழுதிய ஒரு சீட்டு செருகியிருக்கும். புத்தகம் வெளியே போகையில் சீட்டை எடுத்து டிக்கெட்டுக்குள் நுழைத்து, தேதிவாரியாக ஒரு மரத்தட்டில் அடுக்கி வைப்போம். புத்தகம் திரும்பி வந்ததும் சீட்டு புத்தகத்துக்குப் போய்விடும், டிக்கெட்டு வாசகர் கைக்குப் போய்விடும். அவ்விரண்டும் பிரிந்த கணத்துக்குப் பிறகு, இன்ன மனிதர் இன்ன நூலை வாசித்தார் என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியமும் இராது. பிரௌன் முறை என்று பெயர் கொண்ட அந்த ஏற்பாட்டை, வேலை சுலபமாக இருக்கிறது என்பதற்காகவே நாங்கள் விரும்பினோம். அதற்குள் ஒரு தர்மம் அடங்கியிருக்கிறது என்பது, கடல் கடந்து போய் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேறொரு தேசத்தின் சட்ட நூல்களைக் காத்து நின்ற பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

எங்கள் ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியராக விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்துகொண்டு 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளை வேதம்போல் மனத்தில் இருத்திக்கொண்டு, 1974-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டெட்ராய்ட் நகரத்துச் சட்ட நூலகம் ஒன்றில் வேலைக்கு அமர்ந்தேன். அங்கே வழக்கத்தில் இருந்தது நியூஆர்க் முறை. புத்தகத்தின் சீட்டிலேயே, இரவல் வாங்குகிறவர் பெயரும் தேதியும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படும். புத்தகம் திரும்பிய பின்பும் பெயர் அங்கேயே நிற்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் அதே நூலை எடுத்துச் சென்ற ஒரு வக்கீலின் கையெழுத்தைப் பார்த்து, முன்னோர் ஒருவரைத் தரிசித்ததுபோல் ஆரம்பத்தில் நான் மகிழ்ந்ததுண்டு. அந்த வரிசை வேறு எவர் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்பதைப் பற்றி அப்போது நான் சிந்திக்கவில்லை.

சட்ட நூலகரின் தினசரி வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சலிப்பூட்டக்கூடியது. சட்டத் தொகுதிகளின் பின்னட்டைப் பையில் ஆண்டுதோறும் புதிய அனுபந்தத்தைச் செருக வேண்டும். பழைய தாள்களை உருவிவிட்டுப் புதிய தாள்களைக் கோக்க வேண்டும். ஒரு தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா, பின்னால் வந்த தீர்ப்பு எதனாலாவது மாண்டுவிட்டதா என்பதை ஷெப்பர்ட்ஸ் என்னும் செந்நிற அட்டவணைத் தொகுதிகளில் தேடிச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வேலையே எனக்கு அரசியல் சட்டத்தைக் கற்பித்தது என்று சொல்லலாம். ஏனெனில், தீர்ப்பின் தேதியையும் அது எந்த யுத்தத்தைப் பற்றியதோ அந்த யுத்தத்தின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அதனால் வந்தது. உள்நாட்டு யுத்தத்தில் இந்தியானா மாநிலத்துச் சிவிலியன் ஒருவரை ராணுவ நீதிமன்றம் விசாரித்தது செல்லாது என்று சொன்ன மில்லிகன் தீர்ப்பு 1866-இல் வந்தது. யுத்தம் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது, லிங்கனும் உயிரோடில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1861-இல், மெரிமன் என்பவரை விசாரணையின்றி மெக்ஹென்றிக் கோட்டையில் அடைத்து வைத்தது தவறு என்று தலைமை நீதிபதி டானி எழுதிய உத்தரவையோ ராணுவம் பொருட்படுத்தவே இல்லை.

நான் டெட்ராய்ட்டுக்குப் போவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், அதே ஊர்க் கோர்ட்டில் தொடங்கிய வழக்கு ஒன்று தேசத்தின் சட்டத்தையே திருத்தி எழுதியிருந்தது. மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் 1968-இல் சி.ஐ.ஏ. அலுவலகம் ஒன்றில் குண்டு வெடித்தது. வெள்ளைச் சிறுத்தைகள் என்று தங்களை அழைத்துக்கொண்ட ஒரு சிறு கட்சியைச் சேர்ந்த மூவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. எதிரிகளின் பேச்சைத் தொலைபேசியில் ஒட்டுக்கேட்டதுண்டா என்று அவர்களுடைய வக்கீல்கள் கேட்டபோது, அட்டர்னி ஜெனரல் மிட்செல் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார்: கேட்டதுண்டு, நீதிபதியிடம் வாரண்டு பெறவில்லை, தேசத்தின் பாதுகாப்பைக் கருதி ஜனாதிபதியின் அதிகாரத்தால் அது செய்யப்பட்டது. வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பத்திரத்தைப் படித்த மாவட்ட நீதிபதி டேமன் கீத், அடிமைகளாயிருந்தோரின் பேரர், டெட்ராய்ட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒட்டுக்கேட்டது சட்டவிரோதம், கேட்டவற்றை எதிரிகளுக்குக் காட்ட வேண்டும் என்று 1971 ஜனவரியில் அவர் உத்தரவிட்டார். அந்த உத்தரவை மாற்ற அரசாங்கம் நீதிபதியையே எதிர்த்து மேல்கோர்ட்டுக்குப் போயிற்று. அதனால்தான் சட்டத் தொகுதியில் அவ்வழக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாவட்ட நீதிமன்றத்துக்கும் இடையே நடந்த வழக்காக அச்சாகியிருக்கிறது. 1972 ஜூன் 19-ஆம் தேதி, வாட்டர்கேட் கட்டிடத்தில் திருடர்கள் பிடிபட்ட இரண்டாம் நாள், சுப்ரீம் கோர்ட்டின் எட்டு நீதிபதிகள் ஒருமனதாகக் கீத்தின் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் லூயி பவல். ஒட்டுக்கேட்பைப் பற்றிய அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்று முந்தின வருஷந்தான் பத்திரிகையில் எழுதியவர். அபிப்பிராயத்தை வழக்கின் முன்னிலையில் மாற்றிக்கொள்ளக் கூடிய மனிதர்கள் நீதிபதிகளாக அமர்வது ஒரு தேசத்தின் பாக்கியம் என்றே நான் நினைக்கிறேன். அரசாங்கம் ஒட்டுக்கேட்டதைக் காட்டவில்லை. அதற்குப் பதிலாக வழக்கையே கைவிட்டுவிட்டது.

எங்கள் வாசக சாலையில் தினமும் பதினொரு மணிக்கு வந்து ஜன்னலோர நாற்காலியில் அமரும் வயோதிக வக்கீல் ஒருவர், அந்தத் தீர்ப்பு அடங்கிய 407-ஆம் தொகுதியை என் முன் விரித்து, அதில் ஒரு பத்தியைச் சுட்டிக் காட்டினார். உள்நாட்டுச் சங்கங்களைப் பற்றி மட்டுமே தீர்ப்பளிக்கிறோம், அந்நிய சக்திகளையும் அவற்றின் ஏஜெண்டுகளையும் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் அங்கே எழுதியிருந்தார்கள். “வாசலைச் சாத்தினார்கள், கொல்லைப்புறத்தைச் சாத்தவில்லை, பார்த்துக்கொள்” என்றார் அந்தப் பெரியவர்.

அவரே எனக்கு ராபர்ட் ஜாக்ஸனின் கதையையும் சொன்னவர். அதை முழுதும் தெரிந்துகொள்ள நான் பல மாலைப்பொழுதுகளைச் செலவிட்டிருக்கிறேன். 1940 மார்ச்சில் அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜாக்ஸன், எஃப்.பி.ஐ. தொலைபேசிகளை ஒட்டுக்கேட்கக் கூடாதென்று தடுத்தார். 1934-ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம் அதை விலக்குகிறது என்று சுப்ரீம் கோர்ட் இரு முறை சொல்லியிருந்தது. மே மாதம், ஜெர்மானியப் படைகள் பிரான்சுக்குள் புகுந்துகொண்டிருந்த சமயத்தில், ரூஸ்வெல்ட் அவருக்கு ஒரு ரகசியக் குறிப்பு அனுப்பினார். தேசத்தின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பெரிய விஷயங்களை மனத்தில் கொண்டு கோர்ட் அப்படித் தீர்த்திருக்க முடியாது. ஆகவே ஒற்றர் என்று சந்தேகிக்கப்படுவோரின் பேச்சைக் கேட்கலாம். ஆனால் இயன்றவரை குறைவாகவும், கூடியவரையில் அந்நியப் பிரஜைகளோடு நிறுத்திக்கொண்டும் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். ஜாக்ஸன் கீழ்ப்படிந்தார், மனம் ஒப்பாமல், ஒவ்வொரு விவகாரத்தையும் தாமே பார்க்காமல் எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவரிடம் விட்டுவிட்டார் என்று, அவருக்குப்பின் அப்பதவிக்கு வந்த பிரான்சிஸ் பிடில் எழுதியிருக்கிறார். பிறகு 1946-இல், யுத்தம் முடிந்த மறு ஆண்டு, அட்டர்னி ஜெனரல் டாம் கிளார்க் ட்ரூமனுக்கு ஒரு கடிதம் அனுப்பி, ரூஸ்வெல்ட்டின் குறிப்பையே எடுத்துக்காட்டி, அந்த அதிகாரத்தைத் தொடரச் சம்மதம் கேட்டார். எடுத்துக்காட்டியதில் கடைசி வாக்கியம் இல்லை. குறைவாக, கூடியவரை அந்நியரோடு நிறுத்திக்கொண்டு என்று வரம்பிட்ட வாக்கியம் அது. ட்ரூமன் கையெழுத்திட்டார். நகலெடுப்பதும் ஒப்புநோக்குவதும் தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒரு தேசத்துப் பிரஜைகளின் உரிமை ஒரு வாக்கியம் விடுபட்டதனால் சுருங்கிற்று என்பதைப் படித்த இரவில் தூக்கம் வரவில்லை.

இதே ஜாக்ஸன் நீதிபதியானார். 1952-இல் கொரியா யுத்தத்துக்கு எஃகு வேண்டுமென்று ட்ரூமன் நாட்டின் எஃகு ஆலைகளை ஏப்ரல் 8-ஆம் தேதி கைப்பற்றியபோது, ஜூன் 2-ஆம் தேதிக்குள் சுப்ரீம் கோர்ட் அதை ஆறுக்கு மூன்றென்ற கணக்கில் ரத்து செய்தது. யுத்தம் நடக்கும்போதே, இரண்டு மாதம் நிறைவதற்குள். காங்கிரஸ் சபை அனுமதித்ததைச் செய்யும் ஜனாதிபதி முழு பலத்தோடு நிற்கிறார். சபை மௌனமாக இருக்குமிடத்தில் மங்கிய ஒளியில் நிற்கிறார். சபை விலக்கியதைச் செய்யும்போதுதான் அவர் மிகவும் பலவீனராக நிற்கிறார் என்னும் பகுப்பை அந்த வழக்கில் தனியாக எழுதி வைத்தவர் ஜாக்ஸன். டாம் கிளார்க்கும் தம்மைப் பதவியில் அமர்த்திய ட்ரூமனுக்கு எதிராகவே அன்று தீர்ப்புச் சொன்னார். மந்திரியாக இருந்தபோது வளைந்த முதுகு நீதிபதியாக அமர்ந்தபோது நிமிர்ந்தது. இதை ஒருவருடைய குணதோஷமாகப் பார்ப்பதைவிட ஆசனத்தின் குணமாகப் பார்ப்பதே சரியென்று தோன்றுகிறது. அதனாலேயே வேவு பார்க்க அனுமதி தரும் அதிகாரம் எந்த ஆசனத்தில் இருக்க வேண்டும் என்பது சிறிய கேள்வி அல்ல.

இவ்வளவும் அறிந்திருந்த நான், 1979-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு காரியம் செய்தேன். டெஹரானில் அமெரிக்கத் தூதரகத்தார் சிறைபிடிக்கப்பட்டிருந்தார்கள். யுத்தம் என்று எவரும் பிரகடனம் செய்யவில்லை. யுத்தத்தின் காய்ச்சல் மட்டும் ஊரெங்கும் இருந்தது. நாட்டில் படித்துக்கொண்டிருந்த ஈரானிய மாணவர்கள் யாவரும் குடிவரவு அதிகாரிகளிடம் போய்த் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கார்ட்டரின் அரசாங்கம் ஆணையிட்டிருந்தது. ஒரு நாள் மாலை, பணிமேஜையில் நான் தனியே இருக்கையில், சட்டைப்பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்துக் காட்டிய மனிதர் ஒருவர், நாடுகடத்தல் நடைமுறைகளைப் பற்றிய ஒரு நூலைக் குறிப்பிட்டு, அண்மையில் அதை எடுத்துச் சென்றவர்கள் யார் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். வாரண்டு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நானே அந்த தேசத்தில் குடியேறி ஐந்து வருஷமான அந்நியன், பிரஜா உரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன், வீட்டில் கைக்குழந்தை. அடுக்கிலிருந்து நூலை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் பையிலிருந்த சீட்டை உருவி, அதிலிருந்த கடைசி மூன்று பெயர்களைப் பார்த்து, சீட்டைத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். மூன்றில் இரண்டு பெயர்கள் எனக்கு முகம் தெரிந்தவர்களுடையவை. அவர்களுக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்பதை அறிய நான் எந்த முயற்சியும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் எங்கள் நூலகத்துக்கு மறுபடி வரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

1982-இல் மிச்சிகன் மாநிலம் நூலக வாசகரின் ரகசியத்தைக் காக்க ஒரு சட்டம் இயற்றியது. வாசகர் பெயரைக் கோர்ட் உத்தரவோ வாசகரின் சம்மதமோ இல்லாமல் வெளியிடலாகாது. சட்டம் வந்த வாரத்தில் நியூஆர்க் சீட்டுகளைக் கைவிட வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதினேன். ஐந்தாறு ஆண்டுகள் கழித்துக் கணிப்பொறி வந்தபோதுதான் அது நடந்தது. சீட்டுகளை எல்லாம் உருவி மூட்டை கட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு, மூன்று வாரம் செய்து முடித்தேன். நாடுகடத்தல் நூலின் பை மட்டும் முன்னமே வெறுமையாக இருந்தது.

அரசுக்கு ஒற்றே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவரின் மொழியில் வளர்ந்தவன் நான். என்னை வருத்தியது, ஒற்றுக்கு எல்லை வகுப்பவர் யார், அந்த எல்லை மீறப்பட்டதை அறிவிப்பவர் யார் என்பதே. செனட்டர் ஃபிராங்க் சர்ச்சின் கமிட்டி 1975, 1976-இல் வெளியிட்ட தொகுதிகள் எங்கள் நூலகத்துக்கு வந்தபோது, பெட்டியைப் பிரித்தவன் நான். யுத்தகாலத் தணிக்கை 1945-இல் முடிந்த பிறகும், தேசத்தின் மூன்று பெரிய தந்திக் கம்பெனிகள் வெளிநாட்டுத் தந்திகளின் பிரதிகளை முப்பது வருஷம் ரகசியமாக அரசாங்கத்திடம் கொடுத்து வந்திருந்தன. உச்சக்கட்டத்தில் மாதத்துக்குச் சுமார் 1,50,000 தந்திகளை அதிகாரிகள் படித்திருக்கிறார்கள். யுத்தம் முடிந்தது, யுத்தத்துக்கென்று தோண்டிய வாய்க்காலை மட்டும் யாரும் தூர்க்கவில்லை. வியட்நாம் யுத்தத்தின்போது வேவு பார்க்கப்பட்டோரின் பட்டியலில் மார்ட்டின் லூதர் கிங்கும் முகம்மது அலியும், பிற்காலத்தில் இதையெல்லாம் விசாரிக்கப்போகிற சர்ச்சுமே இருந்தார்கள் என்னும் செய்தி 2013-இல்தான் வெளியாயிற்று. அதற்குள் சர்ச் இறந்து இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

அந்த விசாரணையின் பலனாக 1978-இல் பிறந்த சட்டத்தை, அயல்நாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம் என்பதை, எத்தனை தடவை வாசகர்களுக்கு எடுத்துக் கொடுத்திருப்பேனோ கணக்கில்லை. பவல் சாத்தாமல் விட்ட கொல்லைப்புறக் கதவுக்கு அந்தச் சட்டம் ஒரு காவலாளியை நியமித்தது: ரகசியமாகக் கூடும் ஒரு தனி நீதிமன்றம். யுத்தத்தையும் அது மறக்கவில்லை. காங்கிரஸ் சபை யுத்தப் பிரகடனம் செய்தால், அன்றிலிருந்து பதினைந்து நாட்கள் ஜனாதிபதி நீதிமன்ற உத்தரவின்றி ஒட்டுக்கேட்கலாம். அதற்குமேல் வேண்டுமானால் சபையிடம் வந்து சட்டத்தைத் திருத்தித் தரும்படி கேட்க வேண்டும். பதினைந்து நாட்கள் என்ற அந்த எண்ணை நான் மிகுந்த மரியாதையோடு நினைத்துக்கொள்வேன். யுத்தம் வரும், அச்சம் வரும், அச்சத்தில் அவசரமும் வரும் என்பதையெல்லாம் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர்கள் எழுதிய எண் அது.

ஆவணம் ஒருவனை அழிக்கவும் செய்யும், மீட்கவும் செய்யும் என்பதை எனக்கு மறக்க முடியாதபடி உணர்த்தியது ஜப்பானிய வம்சாவளியினரின் கதை. 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் இட்ட ஆணையால் சுமார் 1,20,000 பேர் மேற்குக் கரையிலிருந்து வாரி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகள். எந்தத் தெருக்கூட்டத்தில் எத்தனை ஜப்பானியர் வசிக்கிறார்கள் என்று ராணுவத்துக்குக் கணக்கெடுத்துக் கொடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம். ரகசியம் காப்போம் என்ற வாக்கை நம்பி அந்த மக்களே சொன்ன விவரங்கள் அவை. 1944 டிசம்பர் 18-இல் சுப்ரீம் கோர்ட் கொரமாட்சு வழக்கில் அந்த வெளியேற்றத்தை ஏற்றுக்கொண்டது. ஜாக்ஸன் அன்று எதிர்த்து எழுதினார். சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பின், சிறுமிப் பருவம் கடந்த உடனே முகாமில் அடைபட்ட அய்கோ ஹெர்சிக்-யோஷினாகா என்ற பெண்மணி, தேசிய ஆவணக் காப்பகத்தில் நாள்தோறும் பெட்டி பெட்டியாகப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஒரு மேஜைமேல் கிடந்த ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தார். அந்த வெளியேற்றத்தை நடத்திய ஜெனரல் டிவிட்டின் அறிக்கையினுடைய முதல் வடிவம் அது. விசுவாசிகளை விசாரித்துப் பிரிக்க அவகாசம் இல்லை என்று அரசாங்கம் கோர்ட்டில் வாதாடியிருக்க, அவகாசம் ஒரு பொருட்டே அல்ல, அந்த இனத்தாரில் நல்லவரைப் பிரித்தறியவே முடியாது என்று அதில் எழுதியிருந்தது. அந்த வடிவத்தின் மற்றப் பிரதிகளை ராணுவம் எரித்துவிட்டது. இந்த ஒன்று தப்பியிருந்தது. 1983-இல் கொரமாட்சுவின் தண்டனை ரத்தாயிற்று. ஆனாலும் எங்கள் செந்நிற அட்டவணையில் அந்தப் பழைய தீர்ப்பு உயிரோடுதான் இருந்தது. அது தவறென்று சுப்ரீம் கோர்ட்டின் வாயிலிருந்து வந்தது 2018-இல், நான் ஓய்வுபெற்றுப் பத்து ஆண்டு கழித்து.

2001 செப்டம்பருக்குப் பிறகு டெட்ராய்ட்டில் வாழ்ந்தவர்களுக்கு, யுத்தம் தொலைதூரத்தில் நடந்த ஒன்றல்ல. பக்கத்து ஊரான டியர்பார்னில் அராபியர் திரளாக வாழ்கிறார்கள். நாடெங்கும் சுமார் ஐயாயிரம் பேரை விசாரிக்க நீதித்துறை முடிவு செய்து, எங்கள் வட்டாரத்தில் தபால் மூலம் கடிதங்கள் அனுப்பிற்று: தாங்களாகவே வந்து பேச வேண்டும் என்று. அக்டோபர் 26-இல் கையெழுத்தான பேட்ரியட் சட்டத்தின் 215-ஆம் பிரிவு, புத்தகங்கள், ஏடுகள், பத்திரங்கள் உட்பட எந்தப் பொருளையும் ரகசிய நீதிமன்றத்தின் உத்தரவால் கேட்டுப் பெற வழி செய்தது. கேட்கப்பட்டதை நூலகர் எவரிடமும் சொல்லலாகாது. கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் நகரத்து நூலகர்கள் வாசகரை எச்சரித்து அறிவிப்புப் பலகை வைத்து, தங்கள் ஏடுகளை நாள்தோறும் கிழித்துப் போட்டார்கள். நாங்கள் அவ்வளவு பகிரங்கமாகச் செய்யவில்லை. புத்தகம் திரும்பியதும் வாசகர் பெயருக்கும் நூலுக்கும் உள்ள இணைப்பு கணிப்பொறியில் அறுந்துபோகும்படியும், பாதுகாப்புக்கென்று எடுக்கும் நாடாக்களிலும் அது தங்காதபடியும் நிபுணர் ஒருவரைக் கொண்டு ஏற்பாடு செய்தேன். சென்னையின் பிரௌன் முறையை இயந்திரத்துக்குள் மறுபடி ஸ்தாபித்தேன் என்று சொன்னால் பொருந்தும்.

டியர்பார்னிலிருந்து வரும் சட்ட மாணவர் ஒருவர் இருந்தார். வாரத்துக்கு நான்கு புத்தகமாவது எடுத்துச் செல்பவர், அந்த நவம்பர் மாதத்திலிருந்து எதையும் எடுத்துச் செல்வதை நிறுத்திவிட்டார். வருவார், அடுக்குகளின் இடையே நின்றபடியே வாசிப்பார், நூலை அதனிடத்தில் வைத்துவிட்டுப் போவார். எங்கள் ஏற்பாட்டை விளக்கி, பெயர் தங்காது என்று நான் வலியச் சென்று சொன்னபோது, அவர் வெகு பணிவாக, “உங்களை நம்புகிறேன், ஐயா. உங்களிடம் யாராவது வந்து கேட்டால், கேட்டார்கள் என்பதை உங்களால் எனக்குச் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். முடியாது. சட்டம் விலக்கியிருந்தது. அதை நான் சொல்லாமலே அவர் புரிந்துகொண்டார். 1979-இல் வந்த மனிதரைப் பற்றி அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது, சொல்லவில்லை.

கனெக்டிகட்டில் அந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது. 2005-இல் எஃப்.பி.ஐ. ஒரு நூலகக் கூட்டமைப்புக்குக் கடிதம் கொடுத்து ஏடுகளைக் கேட்டது. அதில் நீதிபதியின் கையெழுத்து இல்லை. நான்கு நூலகர்கள் மறுத்து, பெயரில்லாதவர்களாக வழக்குத் தொடுத்தார்கள். பேட்ரியட் சட்டத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று காங்கிரஸ் சபை விவாதித்துக்கொண்டிருந்த அத்தனை மாதமும் அவர்கள் வாய்திறக்க முடியவில்லை. 2006 மார்ச்சில் சட்டம் புதுப்பிக்கப்பட்ட பிறகே அவர்கள் நாவின் பூட்டு அவிழ்ந்தது. கேட்டது நியாயமான கோரிக்கையாகவே இருந்திருக்கலாம். ஆனால் சட்டத்தால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியமே இல்லாமல் ஒரு சபை அச்சட்டத்தைப் பற்றி முடிவு செய்தது எனக்குப் பெரிய அநியாயமாகப்பட்டது. எங்கள் அச்சம் வீணானது, 215-ஆம் பிரிவு ஒரு தடவைகூடப் பிரயோகிக்கப்படவில்லை என்று 2003-இல் அட்டர்னி ஜெனரல் சொல்லியிருந்தார். அது உண்மையாகவே இருக்கலாம். அதே பிரிவைக் கொண்டுதான் 2006 முதல் தேசத்தின் தொலைபேசி அழைப்புகளின் விவரமெல்லாம் மொத்தமாகத் திரட்டப்பட்டது என்பதை 2013-இல் ஸ்னோடன் வெளியிட்ட பத்திரங்களால் அறிந்தோம்.

இதற்கிடையே, 2005 டிசம்பர் 16-இல், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஓராண்டாகக் கையில் வைத்திருந்த செய்தியை வெளியிட்டது. 2001 அக்டோபரிலிருந்தே ஜனாதிபதி புஷ், சுமார் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தரம் தாமே அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு, 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நீதிமன்றத்தைத் தாண்டி வெளிநாட்டுப் பேச்சுகளை ஒட்டுக்கேட்கச் செய்திருந்தார். படைபலத்தைப் பயன்படுத்தச் சபை தந்த அனுமதியே இதற்கும் அனுமதி என்று அவருடைய நீதித்துறை வாதாடியது. முறைப்படி யுத்தப் பிரகடனம் செய்தால் பதினைந்து நாள் என்று எழுதி வைத்தவர்கள், பிரகடனம் இல்லாத யுத்தத்துக்கு முடிவற்ற நாட்களைக் கொடுத்தார்கள் என்று பொருள் கொள்ளச் சொல்லும் வாதத்தை, 1978-இன் ஏட்டைக் கையில் வைத்திருந்த என்னால் ஏற்கவே முடியவில்லை. ஜாக்ஸனின் பகுப்பில் அது மூன்றாம் நிலை. சபை விலக்கியதைச் செய்வது.

வழக்கு எங்கள் ஊருக்கே வந்தது. 2006 ஆகஸ்டு 17-இல் டெட்ராய்ட் நீதிபதி ஆனா டிக்ஸ் டெய்லர், அந்தத் திட்டம் சட்டத்துக்கும் அரசியல் சாசனத்துக்கும் விரோதமானது என்று தீர்த்தார். அன்று பிற்பகல் தீர்ப்பின் நகலை எடுத்து வாசக சாலை மேஜையில் வைத்தேன். படிக்க வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். மறு ஜூலையில் மேல்கோர்ட் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அதைத் தள்ளிற்று. திட்டம் சரியென்று அது சொல்லவில்லை. வழக்குத் தொடுத்த பத்திரிகையாளரும் வக்கீல்களும் அறிஞரும், தங்கள் பேச்சு கேட்கப்பட்டது என்பதை நிரூபிக்க முடியாதவர்கள். ஆகையால் வழக்காடும் தகுதி அவர்களுக்கு இல்லை. கேட்கப்பட்டதா என்பது அரசாங்கத்தின் ரகசியம். அஞ்சிப் பேசாமல் இருந்தோம் என்பது நஷ்டமாகாது. கீத்தின் வழக்கில் மிட்செல், கேட்டோம் என்று பிரமாணம் செய்ததால்தான் கீத்தினால் தீர்ப்பளிக்க முடிந்தது என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் டியர்பார்ன் மாணவர், அதற்குள் வக்கீலாகத் தொழில் நடத்துகிறவர், வந்து என் மேஜை முன் நின்றார். மேல்கோர்ட் தீர்ப்பைப் படித்திருந்தார். “ஆறு வருஷம் இங்கே நின்றுகொண்டே படித்தேன். அது நஷ்டம் இல்லையா? நீங்கள் பார்த்தீர்களே, சாட்சி சொல்ல மாட்டீர்களா?” என்றார், வேடிக்கைக்குக் கேட்கவில்லை. சொல்வேன் என்றேன். அவர் 2001-க்கு முன் எத்தனை நூல் எடுத்தார், பின்பு ஒன்றும் எடுக்கவில்லை என்று காட்ட ஏடு ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை. எந்த வாசகரின் எந்த ஏடும் என்னிடம் இல்லை. இருக்கக் கூடாதென்று நானே செய்த ஏற்பாடு அது. பிறகு, அந்த மேஜையின் முன்னாலேயே, 1979-இல் நடந்ததை அவருக்குச் சொன்னேன். வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. எந்த நூல் என்று கேட்டார், சொன்னேன்.

அடுக்குக்குப் போய்த் தேடி, அதன் அண்மைப் பதிப்பை எடுத்து வந்து மேஜைமேல் வைத்து, தம்முடைய வாசகர் அட்டையை நீட்டினார். நான் தேதி முத்திரை இட்டுக் கொடுத்தேன். அவருடைய பெயர் எங்கள் இயந்திரத்தில் பதினான்கு நாட்கள் இருந்தது. பதினைந்தாம் நாள் இல்லை.